மூக்கைத் திருத்த விலாவை ஏன் திறக்கிறார்கள்? கசியிழைய ஒட்டு பற்றிய ஒரு விளக்கம்

மூக்கின் வடிவத்தைத் திருத்தும் சத்திரசிகிச்சைக்கான விளம்பரங்கள் இப்போது யாழ்ப்பாணத்துக் கைபேசிகளிலும் நாள்தோறும் வந்து விழுகின்றன. கொழும்பு, சென்னை, கொச்சி என்று ஊர்கள் மாறும். 'முன்பு', 'பின்பு' என்ற இரண்டு படங்கள் மட்டும் மாறுவதில்லை. அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை விளம்பரம் சொல்வதில்லை. நேரில் ஆலோசனைக்குப் போனவர்களோ, "காதில் இருந்து கொஞ்சம் எடுப்போம்", "விலாவில் இருந்து எடுக்க வேண்டி வரலாம்" என்று கேட்டுத் திகைத்துத் திரும்புகிறார்கள். மூக்குக்கும் விலாவுக்கும் என்ன தொடர்பு? காதில் எடுத்தால் கேட்கும் திறன் குறையாதா? எடுத்து வைத்த துண்டு உள்ளே அழுகிப் போகாதா?

இவை நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் விடை கசியிழையம் என்ற ஒரே பொருளில் இருக்கிறது. தமிழ்நாட்டு நூல்கள் இதைக் குருத்தெலும்பு என்கின்றன. எலும்பைவிட மென்மையானது, தசையைவிட விறைப்பானது, வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது. அது உடலில் அளவோடுதான் இருக்கிறது; வளர்ந்தவரின் உடலில் வெட்டி எடுத்த இடத்தில் பழையபடி வளர்வதில்லை. ஆகவே மூக்குச் சத்திரசிகிச்சையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சிறிய கையிருப்பை எங்கே, எதற்காகச் செலவிடப் போகிறார்கள் என்பதுதான்.

மூக்கு எதைப் பிடித்து நிற்கிறது?

விரலை மூக்கின் மேல் வைத்து, புருவ மட்டத்தில் இருந்து கீழ்நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு அசையாது, அது எலும்பு. அதற்குக் கீழே விரலுக்குச் சற்று இசைந்து கொடுக்கும் பகுதி, இரு பக்கமும் சரிந்து நிற்கும் மேற்பக்கக் கசியிழையங்கள். கடைசியில், நுனியில், இரண்டு துவாரங்களின் மேலும் வில்லாக வளைந்து நிற்பவை கீழ்ப்பக்கக் கசியிழையங்கள். இவை அனைத்தையும் நடுவில் நின்று தாங்குவது, இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரான பிரிசுவர். அதன் முன்பாகம் கசியிழையம், பின்பாகம் எலும்பு.

மூக்குத்தி குத்தும் மடலின் கீழ்ப்பகுதியில் கசியிழையம் பெரும்பாலும் இல்லை. தோலும் கொழுப்பும் நாரிழையமும்தான். சிலருக்கு வேகமாக மூச்சை இழுக்கும்போது மடல் உள்ளே ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுக்கு மிக முக்கியமான இடம் வெளியே தெரியாது. மேற்பக்கக் கசியிழையம் பிரிசுவரைச் சந்திக்கும் கோணம் வழக்கமாக 10 முதல் 15 பாகைதான். மூக்கின் காற்றுப் பாதையில் மிகவும் ஒடுங்கிய இடம் இது, உள்வால்வு என்பார்கள். கன்னத்தை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துப் பிடிக்கும்போது மூச்சு சட்டென்று இலகுவானால், அடைப்புக்குக் காரணம் இந்த வால்வுப் பகுதியாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் ஊகிப்பார்கள்.

இனி, மூக்குத்தண்டில் உள்ள மேட்டைச் சீவிவிடும் பழைய முறையை நினைத்துப் பாருங்கள். மேட்டோடு சேர்ந்து, மேற்பக்கக் கசியிழையங்கள் பிரிசுவரோடு இணையும் கூரையும் போய்விடுகிறது. பிடிமானம் இழந்த அவை உள்நோக்கிச் சரிகின்றன. படத்தில் மூக்கு மெலிந்து அழகாகத் தெரியும். ஓரிரு ஆண்டுகளில் நடுப்பகுதி ஒடுங்கி, மூச்சு அடைபடும். எடுப்பதை மட்டும் அறிந்திருந்த சத்திரசிகிச்சை, பிறகு வைப்பதையும் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட நோயாளிகளிடம் இருந்துதான்.

தோலால் மட்டும் மூக்கைக் கட்டினால் அது நிலைப்பதில்லை என்பது அதற்கும் முந்திய பாடம். அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் மீட்டமைத்த புனே பகுதிச் சிகிச்சை பற்றிய செய்தி 1794ஆம் ஆண்டு இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. அதைப் பின்பற்றி ஆங்கிலேய வைத்தியர் ஜோசப் கார்ப்யூ 1814இல் இலண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். கன்னத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறை அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுசுருத சங்கிதையில் இருக்கிறது. உள்ளே சட்டகம் இல்லாத தோல் காலப்போக்கில் சுருங்கும். இன்று நெற்றித் தோலால் மூக்கை மீட்டமைக்கும்போதும் அதன் அடியில் கசியிழையச் சட்டகம் வைக்கப்படுகிறது.

எடுத்து வைத்தது எப்படி உயிரோடு இருக்கிறது?

ஒட்டுமாங்கன்றில் ஒட்டின் சாறு ஓடும் குழாய்கள் அடிமரத்தின் குழாய்களோடு இணைய வேண்டும். இணையாவிட்டால் ஒட்டு காய்ந்துவிடும். கசியிழைய ஒட்டில் அந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் கசியிழையத்துக்குள் குருதிக்கலன்களே கிடையாது. அதன் கலங்கள் சுற்றியுள்ள இழையத்தில் இருந்து ஊறிவரும் ஊட்டத்தைக் கொண்டே வாழ்கின்றன. அதனால் பிரிசுவரில் இருந்து எடுத்த துண்டை நுனியில் வைத்தாலும், காதில் இருந்து எடுத்ததை மூக்கு மடலில் வைத்தாலும், நல்ல குருதியோட்டம் உள்ள இழையம் சுற்றி அணைத்திருக்கும்வரை அது வாழும். சொந்த உடலின் பொருள் என்பதால் உடல் அதை எதிர்ப்பதுமில்லை.

இதே இயல்பில்தான் பலவீனமும் இருக்கிறது. சுற்றியுள்ள இழையம் தழும்பேறி, குருதியோட்டம் குன்றி இருந்தால் ஒட்டுக்கு ஊட்டம் போதாது. புகைபிடிப்பவர்களைச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வதும், இரண்டாம் மூன்றாம் சத்திரசிகிச்சைகள் கடினமாவதும் இதனால்தான்.

எங்கிருந்து எடுக்கிறார்கள்?

1. பிரிசுவர். முதல் தெரிவு இதுதான். நேரானது, விறைப்பானது, அதே வெட்டின் வழியாக எடுக்கலாம், வெளியே புதிய தழும்பு இல்லை. ஆனால் முழுவதையும் எடுக்க முடியாது. மேலோரத்திலும் முன்னோரத்திலும் குறைந்தது 1 செ.மீ. அகலப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். தலைகீழான 'ட' போன்ற அந்தப் பட்டைதான் மூக்கைத் தாங்கி நிற்கும். அதை மீறி எடுத்தால் தண்டு நடுவில் குழிந்துவிடும். எல்லை காத்து எடுத்தால் பலருக்குக் கிடைப்பது பக்கத்துக்குச் சுமார் 2 செ.மீ. கொண்ட ஒரு தகடு. ஏற்கெனவே பிரிசுவர்ச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அதுவும் இருக்காது.

2. காது. காதுத் துவாரத்தைச் சூழ்ந்த கிண்ணப் பகுதியில் இருந்து, முன்புறமோ பின்புறமோ ஒரு சிறிய வெட்டின் வழியாக எடுப்பார்கள். கிண்ணத்தின் விளிம்பை விட்டுவைத்தால் காதின் உருவம் மாறாது. கேட்கும் திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எடுத்த இடத்தில் குருதி தேங்காதிருக்கப் பஞ்சுத் திண்டு ஒன்றை முன்னும் பின்னும் வைத்துத் தைத்துவிடுவார்கள். காதுக் கசியிழையம் வளைவானது, நெகிழ்வானது. மூக்கின் மடலுக்கும் நுனிக்கும் நன்றாகப் பொருந்தும். பாரம் தாங்கும் தூணாக நிற்க அதற்கு வலுப் போதாது.

3. விலா. எடுப்பது விலா எலும்பை அன்று. மார்புப்பட்டையை நோக்கி வரும் அதன் முன்முனையில் உள்ள கசியிழையத்தை. வழக்கமாக 6ஆம் அல்லது 7ஆம் விலா, பெரும்பாலும் வலது பக்கம். பெண்களுக்கு வெட்டு மார்பகத்தின் கீழ் மடிப்பில் மறையும்படி அமையும். அளவிலும் வலுவிலும் இதற்கு ஈடில்லை. விலையும் அதற்கேற்றது: மூச்சிழுக்கும்போது சில நாட்கள் வலி, நெஞ்சில் ஒரு தழும்பு, நுரையீரலைப் போர்த்திய மென்படலம் கிழிந்து காற்றுப் புகும் சிறிய அபாயம். கசியிழையத்தை எடுத்து முடித்ததும் அந்தக் குழியை உப்புநீரால் நிரப்பி, மயக்க மருந்து வைத்தியர் நுரையீரலை விரியச் செய்வார். குமிழி எழுந்தால் படலம் கிழிந்திருக்கிறது. அங்கேயே சரிசெய்ய வேண்டும். குமிழி வராவிட்டால்தான் காயத்தை மூடுவார்கள்.

வயது ஏற ஏற விலாக் கசியிழையத்தில் சுண்ணாம்பு படியும், செதுக்கும்போது நொறுங்கும். நம் மண்ணில் இதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. போர்க்காலத்தில் முகத்தில் காயம்பட்டு, மூக்கு சிதைந்த நிலையிலேயே ஆண்டுகளைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது திருத்திக்கொள்ள முன்வரும் ஒருவர் ஐம்பதைத் தாண்டியிருந்தால், விலாவின் நிலையை முன்கூட்டியே சிடி ஸ்கேனில் பார்ப்பது நல்லது. காலம் கடந்துவிட்டது என்று அவர்கள் ஒதுங்கிவிடத் தேவையில்லை. திட்டம் மட்டும் வேறாக இருக்கும்.

தழும்பு மேடிட்டு வளரும் கீலோயிட் இயல்பு நம்மவர்களின் தோலில் அரிதன்று. குடும்பத்தில் எவருக்கேனும் காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ அப்படி வளர்ந்திருந்தால், நெஞ்சில் வெட்டுவதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூக்கில் எங்கே வைக்கிறார்கள்?

ஒட்டுகளுக்கு இருபதுக்கு மேல் பெயர்கள் உண்டு. நோயாளி அறிந்திருக்க வேண்டியவை நான்குதான்.

1. ஸ்பிரெடர் ஒட்டு. பிரிசுவருக்கும் மேற்பக்கக் கசியிழையத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாகச் செருகும் மெல்லிய பட்டை. நீளம் 25 முதல் 30 மி.மீ., அகலம் 3 முதல் 5 மி.மீ., தடிப்பு 1 முதல் 2 மி.மீ. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜாக் ஷீன் 1984இல் இதை விவரித்தார். மேட்டைச் சீவியதால் சரிந்த கூரையை மீண்டும் தாங்குவதும் வால்வுக் கோணத்தை விரிப்பதும் இதன் வேலை. இத்துறையில் வந்த மாற்றங்களில் நோயாளிக்கு அதிகம் நன்மை செய்தது இதுவே என்பது என் கருத்து. மூச்சையும் உருவத்தையும் ஒரே துண்டு காக்கிறது.

2. நுனியைத் தாங்கும் ஒட்டு. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தூணுக்குள் செங்குத்தாக வைக்கும் ஸ்ட்ரட், அல்லது பிரிசுவரின் முன்னோரத்தோடு தைத்து நீட்டும் துண்டு. தோல் தடிப்பாக உள்ள மூக்குகளில் இது முக்கியம். தடித்த தோல், உள்ளே சட்டகத்தைச் சிறிதாக்கினால் சுருங்கி அதன்மேல் படியாது. உருவமற்று உப்பி நிற்கும். நம்மில் பலருக்குத் தோல் அப்படிப்பட்டது. அதனால் "சின்னதாக்கித் தாருங்கள்" என்று கேட்டு வருபவரிடம், நுனியை உள்ளிருந்து உயர்த்த வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் அதில் முரண் இல்லை.

3. மடலைத் தாங்கும் ஒட்டு. இயல்பாகக் கசியிழையம் இல்லாத அல்லது வலுக்குறைந்த மடலில், மூச்சிழுக்கும்போது உள்வாங்காதபடி வைப்பது. வளைவுள்ள காதுக் கசியிழையம் இங்கே நன்கு பயன்படும்.

4. தண்டின் மேல் வைக்கும் ஒட்டு. குழிந்த தண்டை உயர்த்த. பிறவியிலேயே தாழ்ந்த தண்டுக்கும், அடிபட்டோ நோயாலோ குழிந்ததற்கும் இதுவே. தொழுநோய் உள்ளிட்ட சில நோய்கள் பிரிசுவரை அரித்துவிடும். அங்கே முதலில் நோய் அடங்க வேண்டும், பிறகுதான் ஒட்டு.

வளைதலும் கரைதலும்

விலாக் கசியிழையத்தைச் செதுக்கி வைத்த சில மாதங்களில் தண்டு ஒரு பக்கம் வளைவது இத்துறையின் பழைய தலைவலி. அதன் காரணத்தை 1958இல் கிப்சன், டேவிஸ் என்ற இருவர் விளக்கினார்கள். விலாக் கசியிழையத்தின் வெளிப்படலம் இழுவிசையோடு இருக்கிறது; உட்பகுதி அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. முழுத் துண்டாக இருக்கும்வரை இரண்டும் சமம். ஒரு பக்கப் படலத்தை மட்டும் சீவினால் சமநிலை கெட்டு, மற்றப் பக்கம் நோக்கி வளையும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு சீவி நடுப்பகுதியைப் பயன்படுத்தினால் வளைவு குறையும். இன்றும் கவனமான வைத்தியர் செதுக்கிய துண்டை அரை மணிநேரம் உப்புநீரில் போட்டு வைத்து, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்து வைப்பார்.

வளைவைத் தவிர்க்க இன்னொரு வழி, கசியிழையத்தை ஒரு மி.மீ.க்கும் குறைவான துகள்களாக அரிந்துவிடுவது. துகள் வளையாது. ஆனால் அதைக் கட்டிவைக்க ஓர் உறை வேண்டும். துருக்கி வைத்தியர் ஓனூர் ஏரோல் 2000இல், குருதியை நிறுத்தப் பயன்படும் கரையும் துணியால் துகள்களைச் சுற்றி வைக்கும் முறையை வெளியிட்டார். 2004இல் டேனியல், கால்வெர்ட் என்ற வைத்தியர்கள் இருவரும் அதே துணியால் சுற்றி வைத்த தங்கள் நோயாளிகளில் ஒட்டு கரைந்துபோனதை அறிவித்து, காதுக்கு மேலே தலைத்தசையைப் போர்த்தியிருக்கும் நாருறையில் சுற்றி வைக்கும் முறையை முன்வைத்தார்கள். பரவலாக ஏற்கப்பட்டது பின்னதுதான். சிரிஞ்சில் அடைத்த துகள்களை அந்த உறைக்குள் செலுத்தி, தண்டின் மேல் வைத்து, விரலால் வெளியில் இருந்தே உருவம் கொடுக்கிறார்கள்.

நிரந்தரம் என்ற வாக்குறுதியை இவற்றில் எதற்கும் கொடுக்க முடியாது. வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டு ஆகும், நுனியில் அதற்கும் மேல். ஆறாம் வாரத்தில் எடுத்த 'பின்பு' படத்தை முடிவான படமாகக் கொள்ள முடியாது.

சிலிக்கனும் ஊசியும்

சிலிக்கன் வைத்தால் காதும் விலாவும் தப்பும், நேரமும் மிச்சம். ஆனால் அது வேற்றுப் பொருள். கிருமி தொற்றினால் மருந்தால் மட்டும் தீர்வது அரிது. எடுத்துவிட வேண்டி வரும். தோல் மெலிந்து, ஆண்டுகள் கழித்துக்கூட வெளியே தள்ளிக்கொண்டு வரலாம். இழுபட்ட நுனித்தோலின் கீழ் இந்த ஆபத்து கூடுதல்.

'ஐந்து நிமிடத்தில் மூக்கு' என்று அழகு நிலையங்களில் போடும் நிரப்பு ஊசி இன்னும் கவலைக்குரியது. மூக்கின் குருதிக்கலன்கள் கண்ணுக்குச் செல்லும் கலன்களோடு தொடர்புடையவை. மருந்து கலனுக்குள் போய்விட்டால் தோல் கருகலாம், பார்வையே போகலாம். வைத்தியர் அல்லாதவர் கையில் இந்த ஊசியை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடிபட்ட மூக்கில் இழக்கும் கசியிழையம்

சத்திரசிகிச்சையே தேவைப்படாமல் செய்யக்கூடிய விடயம் ஒன்று இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படுவதில்லை.

கிரிக்கெட் பந்து பட்டோ, மோட்டார் சைக்கிளில் விழுந்தோ மூக்கில் அடிபட்டவரை எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறியவில்லை" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். கசியிழையம் எக்ஸ்ரேயில் தெரியாது. பிரிசுவரைப் போர்த்திய படலத்துக்கும் கசியிழையத்துக்கும் நடுவே குருதி தேங்கினால், கசியிழையத்துக்கு ஊட்டம் வரும் ஒரே வழி அடைபடுகிறது. ஒரு நாளுக்குள் வடித்துவிட வேண்டும். விட்டால் சில நாட்களில் சீழ் பிடித்துக் கசியிழையம் இறந்துவிடும். பின்னர் தண்டு குழிந்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் மோசம்: பிரிசுவர்தான் மூக்கின் வளர்ச்சி மையம் என்பதால் மூக்கும் முகத்தின் நடுப்பகுதியும் குன்றிப்போகலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. அடிபட்ட பின் இரண்டு பக்கமும் ஒருசேர அடைபடுவது.
2. துவாரத்துக்குள் நடுச்சுவரில் சிவந்தோ ஊதா நிறத்திலோ மெத்தென்ற வீக்கம்.
3. கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. சிறிய வெட்டால் குருதியை வடித்துவிடும் அந்தச் சிகிச்சை, பத்து ஆண்டுகள் கழித்து விலாவைத் திறக்க வேண்டிய நிலையைத் தடுக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்கள் கேட்க வேண்டியவை

மூச்சடைப்பு, காயம், பிறவிப் பிளவுதட்டோடு வந்த மூக்குக் கோணல் என்றால் யாழ். போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்குவதே முறை. அழகுக்காக மட்டும் என்றால் தனியார் சிகிச்சை. வளர்ச்சி முடியும்வரை, பெண்பிள்ளைகளுக்கு 15, 16 வயது, ஆண்பிள்ளைகளுக்கு அதைவிட ஓராண்டு கூடுதலாக, காத்திருப்பது பொதுவான வழக்கம்.

எங்கே போனாலும் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. செய்பவர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையிலோ காது மூக்கு தொண்டைத் துறையிலோ பயிற்சி பெற்றவரா? இலங்கையில் என்றால் மருத்துவ சபையின் பதிவு இருக்கிறதா?

2. கசியிழையம் எங்கிருந்து? பிரிசுவரில் போதாவிட்டால் அடுத்து எது? மயக்கத்தில் இருக்கும்போது அந்த முடிவு எடுக்கப்படும் என்பதால் சம்மதம் முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

3. என் மூச்சைச் சோதித்தீர்களா? சிகிச்சைக்குப் பின் வால்வை எது தாங்கும்?

4. எத்தனை நாள் அங்கே தங்க வேண்டும்? பலாலியில் இருந்து சென்னைக்குப் பறந்துவிடலாம் என்பதால் மூன்று நாளில் திரும்பிவிட எண்ணக்கூடாது. மூக்கைக் காக்க மேலே ஒட்டும் வெளிப்பட்டையைக் கழற்றவே ஒரு வாரம் ஆகும். குருதிக்கசிவோ தொற்றோ வந்தால் பார்க்க வேண்டியவர் செய்தவர்தான். ஊர் திரும்பிய பின்னும் எலும்பு வெட்டப்பட்டிருந்தால் ஆறு வாரம் வரை மூக்கில் பாரம் விழக்கூடாது. மூக்குக்கண்ணாடியும், இழுத்து மாட்டும் முழுமுகத் தலைக்கவசமும் அதில் அடக்கம். ஆகவே அக்காலத்தில் மோட்டார் சைக்கிளைத் தவிர்க்க வேண்டும்.

5. சத்திரசிகிச்சைக் குறிப்பு எழுத்தில் கிடைக்குமா? எந்த இடத்தில் இருந்து எவ்வளவு எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், பிரிசுவரில் எவ்வளவு மீதம் என்பது அதில் இருக்க வேண்டும். பின்னாளில் திருத்தம் தேவைப்பட்டால், அந்தத் தாள் இல்லாத வைத்தியர் மூக்கைத் திறந்த பிறகே மீதத்தைக் காண்பார். அதனால் காதுக்கும் விலாவுக்கும் சேர்த்து முன்கூட்டியே உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.